இரண்டு கோடுகளும் ஒன்றாக எழுந்த நாள்

முப்பத்தொரு வருடம் நான் மற்றவர்களின் தலையில் பசை பூசினேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். நியமனக் கடிதத்தில் இருக்கும் "மூளை மின்பதிவாளர்" என்ற பெயரைச் சொன்னால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். பசை என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். புது இயந்திரம் வந்திருக்கிறதாம். மூளையின் மின்னசைவைப் பிடிக்கும் இருபத்தொரு தகடுகளையும் தலையில் அளந்து அளந்து ஒட்டி, ஒவ்வொன்றின் கம்பியையும் இயந்திரத்தில் குத்த வேண்டியதில்லை. எல்லாம் ஒரே தொப்பியில் தைத்து வருகிறது.

"கம்பிய மாத்தி குத்துற பிரச்சினையே இனி இல்ல மிஸ். நீங்க எப்பவாச்சும் மாத்தி குத்தியிருக்கீங்களா?"

"ஒரு தடவ குத்திட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது, "இத எழுதி வைங்க மிஸ்" என்றாள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பாவுக்குப் பதுளை பஜாரில் புடவைக்கடை. ஐந்து பெண்களில் நான் நான்காவது. கடையில் நிற்பதைத் தவிர எந்த வேலையும் நல்ல வேலைதான் என்று நினைத்து, பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். கொழும்பில் பயிற்சி. அங்கே படித்ததில் பாதி பாடப் புத்தகம், மீதி அளவு நாடா. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை அளக்க வேண்டும், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அளக்க வேண்டும், சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும், புள்ளி இருக்கும் இடத்தில் தோலைத் துடைத்துப் பசை வைத்துத் தகட்டை ஒட்ட வேண்டும். துணி அளக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு இது சுலபமாக வந்தது.

பதுளைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எண்ணெய் என்ற எதிரியைச் சந்தித்தேன். பரிசோதனைக்கு வரும்போது தலையில் எண்ணெய் வைக்கக்கூடாது என்று துண்டுச் சீட்டில் மூன்று மொழியில் அச்சடித்துக் கொடுப்போம். ஆனால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண் தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, பூ வைத்துத்தான் வருவாள். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பரட்டைத் தலையோடு எப்படி வருவது? வழவழவென்று இருக்கும் தலையில் தகடு நிற்காது, வழுக்கிக் காதுக்கு வந்துவிடும். குழாயடியில் நிறுத்தி ஷாம்பு போட்டுத் தலை கழுவிவிடுவேன். "மிஸ், கல்யாணத்துக்கு கூட எனக்கு இப்புடி யாரும் தல கழுவி விடலங்க" என்று ஒரு அம்மா சொன்னார். மூளையைப் பார்க்கும் அறைக்கு வெளியே எப்போதும் ஷாம்பு வாசம்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வருடம் சிவநேசன் டொக்டர் வந்தார். நரம்பியல் நிபுணர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான, குடை மாதிரி நேரான மனிதர். நோயாளி நின்றால் அவரும் நிற்பார், நோயாளி உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. அவரிடம் எனக்கு முதல் வாரமே ஒரு பாடம் கிடைத்தது.

ஹாலிஎலவிலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்திருந்தார்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பக்கக் காதோரத் தகடுகளின் கோடுகளும் திரையில் சீராகக் குத்திக் குத்தி எழுந்தன. பக்கத்தில் நின்ற தாயிடம் நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, "வலிப்பு மாதிரிதாங்க தெரியுது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். டொக்டர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"பிள்ளை, வாயைத் திறவுங்கோ."

பிள்ளையின் வாயில் ஒரு டொஃபி. மென்றுகொண்டிருந்தாள். தாடைத் தசை அசைந்த போதெல்லாம் கோடு குதித்திருக்கிறது. டொஃபியைத் துப்பியதும் கோடுகள் ஓய்ந்தன.

தாய் போன பிறகு டொக்டர் என்னைத் திட்டவில்லை. "பார்வதி, நோய்க்குப் பெயர் வைக்கிற வேலை என்ரை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. அது போதும்" என்றார். அன்றிலிருந்து அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன கண்டனீங்கள்?" என்ன நோய் என்று கேட்கவே மாட்டார். கண்டதைச் சொன்னதும் அடுத்த சொல், "திருப்பிச் செய்யுங்கோ."

எத்தனையோ ஆயிரம் தலைகளில் அப்படித் திருப்பிச் செய்திருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மகள் கோகிலா, இருபத்திநான்கு வயது. தகப்பன் முத்துவேல், தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிச் சீராக்குகிற அந்த வேலையில் தோள் இரண்டும் இறுகிப்போய் இருந்தன. கோகிலாவின் கையில் ஒரு நீண்ட உறை. இடது கையைச் சேலை மடிப்புக்குள் செருகியிருந்தாள்.

உறையில் இருந்தது தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியர் நியமனம். அவர்களுடைய லயத்து வீட்டு வரிசையில் அரசாங்க வேலைக்குப் போகும் முதல் ஆள் அவள். மருத்துவச் சான்றுக்காகப் போன இடத்தில், படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவளுடைய இடது கை துடித்ததை அங்கிருந்த டொக்டர் கவனித்திருக்கிறார். "வலிப்பு?" என்று கேள்விக்குறியோடு எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார். வேலையை ஏற்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"அந்த கேள்விக்குறிய எடுத்து விட்டுருவீங்களா மிஸ்?" என்று கோகிலா கேட்டாள்.

"மொதல்ல எண்ணெய எடுப்போம், வாங்க" என்றேன். அவளும் தலை படிய வாரித்தான் வந்திருந்தாள்.

தலை கழுவி, அளந்து, ஒட்டி, படுக்கவைத்துப் பதிவை ஆரம்பித்தேன். கண்ணை மூடச் சொன்னேன், திறக்கச் சொன்னேன். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொன்னேன். கண்ணுக்கு முன்னால் வெளிச்சத்தை மின்னவிட்டேன். வலிப்பு ஒளிந்திருந்தால் இந்த நேரங்களில்தான் தலையைக் காட்டும். ஒன்றுமில்லை. பார்க்க ஆசையாக இருக்கும்படி ஒழுங்கான பதிவு.

தகடுகளைக் கழற்றப் போகும் முன் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். எழுந்து உட்கார்ந்து வலது கையால் எழுதினாள். அப்போதுதான் பார்த்தேன். மடியில் கிடந்த இடது கையும் பேனா இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. வலது விரல்கள் வளைந்தால் அதுவும் வளைந்தது, இவை நின்றால் அதுவும் நின்றது. நான் பார்ப்பதைக் கண்டதும் கோகிலா சட்டென்று இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஸ்கூல்லயும் இப்புடித்தாங்க மிஸ் எழுதுவேன். பரீட்சை முடிஞ்சா கை மரத்துப் போயிரும்."

டொக்டர் வந்தார். "என்ன கண்டனீங்கள்?"

"மூளைப் பதிவு சுத்தம் டொக்டர். ஆனா வலது கை எழுதினா இடது கையும் எழுதுது."

அவர் அவளை இன்னொரு தடவை எழுதச் சொல்லிப் பார்த்தார். பிறகு, எங்கள் இயந்திரத்தில் தலைக்குப் போக மிச்சமிருந்த இரண்டு கம்பி வழிகளைக் கைகளுக்குப் பயன்படுத்தச் சொன்னார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தசை மேட்டில், ஒவ்வொரு கையிலும் ஒரு சோடித் தகடு ஒட்டினேன். திரையில் மேல் கோடு வலது கை, கீழ்க் கோடு இடது கை.

"வலது ஆள்காட்டி விரலால மட்டும் மேசைய தட்டுங்க" என்றேன்.

தட்டினாள். மேல் கோடு எழுந்தது. கீழ்க் கோடும் எழுந்தது, அதே கணத்தில், கால் மூச்சுகூடப் பிந்தாமல்.

என் காது சூடாகிவிட்டது. முப்பது வருட அனுபவக்காரி, டொக்டருக்கு முன்னால் கம்பியை மாற்றிக் குத்திவிட்டேன் என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பக் குத்தினேன். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே எழுந்தன. தகடுகளை மாற்றினேன். அதே கதை. கடைசியில் கோகிலாவின் கையிலிருந்த தகடுகளைக் கழற்றி என் கைகளில் ஒட்டிக்கொண்டு வலது விரலால் தட்டினேன். மேல் கோடு மட்டும் எழுந்தது. கீழ்க் கோடு கட்டாந்தரை மாதிரிக் கிடந்தது.

"மெஷினிலை பிழையில்லை" என்றார் டொக்டர். "திருப்பிப் பிள்ளைக்கு ஒட்டுங்கோ."

ஒட்டினேன். இந்த முறை அவர் கோகிலாவிடம், "இடது கையை அசையாமல் வைச்சிருக்கப் பாருங்கோ" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். வலது விரல் தட்டியது. இடது விரலும் அசைந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

கதவருகே நின்ற முத்துவேல் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, புள்ளய கஷ்டப்படுத்தாதீங்க. அவ வேணும்னு செய்யலீங்க. இது எங்க வீட்டு கைங்க."

டொக்டர் திரும்பினார். "உங்கட வீட்டுக் கையோ?"

"ஆமாங்க. எனக்கும் இப்புடித்தானுங்க. எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. நாங்க அத பெருசா எடுத்துக்கிறதில்லீங்க."

டொக்டர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியை இறுக்கிக் கொடுத்தார். வலது கையால் மூடியைத் திருகச் சொன்னார். முத்துவேல் திருகினார். பேனாவைப் பிடித்திருந்த இடது கையும் எதிர்ப்பக்கமாகத் திருகியது. மூடி ஒரே திருகில் கழன்று தரையில் உருண்டது.

"பாத்தீங்களா, போத்தல் தெறக்க எங்கள அடிக்க ஆள் இல்லீங்க" என்றார் முத்துவேல்.

சிவநேசன் டொக்டர் சிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பல்வரிசையை அன்றுதான் முதலில் பார்த்தேன். வரிசை நன்றாகவே இருந்தது.

பிறகு அவர் தகப்பனையும் மகளையும் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார். இது வலிப்பு இல்லை. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. கூடிக்கொண்டே போகிற நோயும் இல்லை. ஒரு கையின் அசைவு கண்ணாடியில் தெரிகிற மாதிரி மறு கையில் தெரிகிறது, அவ்வளவுதான்.

"அப்ப ஏன் டொக்டர் இப்புடி வருது?" என்று கோகிலா கேட்டாள்.

"மடுல்சீமை பஸ்ஸிலை கண்டக்டர் எப்பிடி நிப்பார்?"

"மிதிபலகையில தொங்கிக்கிட்டு நிப்பாருங்க" என்றார் முத்துவேல்.

"பாதி உடம்பு வெளியிலை, பாதி உள்ளுக்கை. வெளியிலை ஆர் கூப்பிடினம் எண்டு கேப்பார். உள்ளுக்கை ட்ரைவருக்குத் தட்டிச் சொல்லுவார். விளங்குதோ? பிள்ளை வயித்துக்குள்ளை வளரேக்கை மூளையிலையிருந்து நரம்பு நீண்டு வரும். அதின்ரை நுனியைச் சுத்தியிருக்கிற சவ்விலை ஒரு புரதம் இப்பிடித்தான் பாதி வெளியிலை, பாதி உள்ளுக்கை நிக்கும். உடம்பின்ரை நடுக்கோட்டிலை 'இஞ்சாலை வா' எண்டு கூப்பிடுறதுக்கு வேறை ஒரு பொருள் இருக்கு. அதை வெளியிலை பிடிச்சு உள்ளுக்கை சொன்னால், நரம்பு நடுக்கோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போகும். அதாலைதான் மூளையின்ரை இடப்பக்கம் வலக்கையை ஆட்டுது."

முத்துவேல் யோசித்தார். "அப்ப எங்க பஸ்ல கண்டக்டர் தூங்கிட்டாருங்களா?"

"தூங்கயில்லை. ரெண்டு பேர் நிக்க வேண்டிய இடத்திலை ஒராள்தான் நிக்கிறார் எண்டு நினைக்கிறன். கொஞ்சப் பஸ், நரம்பைத்தான் சொல்லுறன், திரும்பாமல் அதே பக்கத்தாலை போயிருக்கும். அப்ப ஒரு கைக்குப் போற கட்டளை ரெண்டு கைக்கும் போகும்." உடனே விரலை உயர்த்தினார். "இது என்ரை சந்தேகம். இரத்தம் அனுப்பிப் பார்த்தால்தான் நிச்சயம் சொல்லலாம்."

இருவரிடமும் இரத்தம் எடுத்தோம். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் பழைய நண்பருக்கு டொக்டர் அதை அனுப்பினார். கோகிலாவின் கையில் அன்றே ஒரு கடிதம் கொடுத்தார்: வலிப்பு இல்லை, ஆசிரியர் வேலைக்குத் தகுதியானவர்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கோகிலா தொலைபேசியில் அழுதாள். சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, வலிப்பு இல்லாவிட்டாலும் கை கட்டுப்பாட்டில் இல்லையே, கரும்பலகையில் எப்படி எழுதுவாள் என்று கேட்டாராம்.

டொக்டரிடம் சொன்னேன். அவர் கிளினிக்கை விட்டு நகர முடியாத நாள் அது. "பார்வதி, பதிவை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கோ" என்றார்.

"நான் என்ன சொல்றது டொக்டர்?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. அவளை எழுதச் சொல்லுங்கோ. கண்டதை அந்த அதிகாரி சொல்லட்டும்."

போனேன். அந்த அலுவலகத்தின் கூட்ட அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களவர், கெட்டவர் இல்லை, பொறுப்பை நினைத்துப் பயப்படுகிறவர். கோகிலா வழக்கம் போல இடது கையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். பேனாவை எடுத்தாள். எழுத்து கோணியது.

நான் பக்கத்தில் போனேன். "கோகிலா, அத வெளிய எடுங்க."

"எல்லாரும் பாப்பாங்க மிஸ்."

"பாக்கட்டும். ஒரு கைய கட்டி வச்சிட்டு மத்த கையால எப்புடி எழுதுறது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையைச் சேலையிலிருந்து உருவி வெளியே எடுத்தாள். பிள்ளைப் பருவத்திலிருந்து மடியிலும் தொடைக்கு அடியிலும் கிடந்த கை அது. எழுத ஆரம்பித்தாள். இடது கை காற்றில் தன்பாட்டுக்கு எதிர்த்திசையில் எழுதிக்கொண்டு போனது. பலகையில் அ, ஆ, இ, ஈ என்று உருண்டை உருண்டையாக, கோடு போட்ட கொப்பியில் எழுதியது மாதிரி எழுத்துகள் இறங்கின. அதற்குக் கீழே சிங்கள எழுத்துகளையும் எழுதினாள். அவை இன்னும் அழகு.

அதிகாரியின் கண் முதலில் காற்றில் ஆடிய கையைத்தான் பார்த்தது. சற்று நேரத்தில் அது பலகைக்கு வந்துவிட்டது. எழுந்து போய்க் கிட்டே நின்று பார்த்தார்.

"என்னோட எழுத்தவிட நல்லா இருக்கு" என்று தன் தமிழில் சொன்னார். பிறகு, "அந்தக் கை என்ன எழுதுது?" என்று கேட்டார்.

"அதே பாடம்தான் சேர்" என்றாள் கோகிலா.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் கோகிலா பஸ் ஸ்டாண்ட் வரை இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நின்று சமாளித்தேன்.

இரத்தப் பரிசோதனையின் முடிவு நான் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், சிவநேசன் டொக்டர் கூப்பிட்டார். அவர் சந்தேகப்பட்டது சரி. அவர் சொன்ன அந்தக் கண்டக்டர், டி.சி.சி. என்ற புரதம். அதை எழுதி வைத்திருக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை, தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில்.

"பார்வதி, நீங்கள் அண்டைக்குக் கம்பியை மாத்திக் குத்தயில்லை" என்றார். "தகப்பன்ரையும் மகளின்ரையும் கம்பிதான் மாறாமல் போயிட்டுது."

அது ஒரு பகிடி என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவரிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில் கோகிலா தன் வகுப்பைப் பார்க்க வரச் சொல்லி அழைத்தாள். மடுல்சீமை ரோட்டில் பஸ் என் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. பாடசாலை தேயிலை மலையின் நடுவில் ஒரு நீளக் கட்டிடம். அவளுக்கு முதலாம் வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள். கரும்பலகையில் எழுதினாள், இடது கை காற்றில் எழுதியது, ஒரு பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் பழகிப்போன டீச்சர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம் விடவில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஒரு கை வேலை செய்யும்போது மறு கையும் கொஞ்சம் சேர்ந்து அசைவது சாதாரணம், ஏழெட்டு வயது தாண்டினால் தானாகவே அடங்கிவிடும் என்று டொக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதைக் கோகிலாவின் காதில் சொன்னேன். அவள் கண் விரிந்தது.

"எல்லாரும் ரெண்டு கையையும் மேசை மேல வைங்க" என்றாள். "இப்ப வலது கை கட்ட வெரலால, மத்த வெரல் ஒவ்வொண்ணையும் தொடுங்க. வேகமா. இடது கைய பாருங்க, அது என்னா செய்யுதுன்னு."

இருபத்தாறு தலைகளும் குனிந்தன. பிறகு முதல் வரிசையில் ஒருவன் கத்தினான்: "டீச்சர், எனக்கும் வருது!" "எனக்கும் டீச்சர்!" "இங்க பாருங்க, என்னோடது ஆடுது!" வகுப்பே எழுந்து நின்றது. எங்களுக்கும் டீச்சர் கை என்று குதித்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கோகிலா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எழவில்லை. வலது விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடது கை மேசையில் அசையாமல் கிடந்தது. அவள் அதை உற்றுப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், திரும்பவும் வைத்துப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கியது.

"டீச்சர், எனக்கு மட்டும் வர மாட்டேங்குது" என்று ஓவென்று அழுதாள்.

கோகிலா ஓடிப் போய் அவளுக்கு முன்னால் குனிந்தாள். "அதுக்கென்னடா தங்கம், உன் கையும் நல்ல கைதான்" என்று வலது கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். இடது கை, பக்கத்தில் அழாமல் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனின் கன்னத்தைத் துடைத்துவிட்டது.